பதினோரு கலர்

ஏன் ஓடுலைன்னு எங்கிட்டக் கேக்கறீங்களேங் சார்,
நான் படம் எடுக்கறவனில்லைங்.
அங்கேரிபாளையம் ரோட்டுல பிரிண்டிங் போடறவன்.
எனக்குத் தெரிஞ்சது ஃபிரேமும் பேஸ்ட்டும்.
ஆனா ‘எட்டாம் நிலா’ ஏழு பாகத்துக்கும்
இந்த டேபிள்லதான் பனியன் அடிச்சுதுங்.

மொதப் பாகத்துக்கு ஒரே கலர்.
கறுப்புத் துணி, நீலத்துல ஒரு உள்ளங்கை.
கப்பலுக்கு வெளிய நின்னு கதவைச் சாத்திட்டு
ஓர்லாங்கற அந்த என்ஜினியர் பொண்ணு
கண்ணாடியில வெச்ச கை.
அஞ்சு வெரலு, அவ்வளவுதான்.
தாராபுரத்துல பாத்தனுங்.
தியேட்டர்ல ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது.
முறுக்கு விக்கற பையன்
தட்டோட அப்படியே நின்னுட்டான்.

ஸ்குவீஜி இழுக்கறானே பிகாஷ்,
அவன் சின்னப் பையனா பாலாங்கீர்ல
இந்தியில பாத்தானாம்.
வேலைக்குச் சேந்த அன்னைக்கு என்ற பனியனைப் பாத்து
“கை, அண்ணா, கை”ன்னு
நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.
அப்ப அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் அத்தனைதானுங்.
போதுமா இருந்துது.

ரெண்டுல அவளைத் தேடிட்டுப் போனாங்க.
மூணு கலர். தப்பில்லைங்.
மூணாவதுல அவளே வந்துட்டா.

எழவுக்குப் போயி
கட்டிப் புடிச்சு அழுது
தலைக்கு ஊத்திட்டு வூடு வந்து சேந்தாச்சு.
மக்யா நாள் செத்தவ வாசல்ல நின்னு
“ஏனுங், நல்லா இருக்கறீங்களா”ன்னா?
சந்தோசந்தானுங், இல்லைன்னு சொல்லுல.
ஆனா அதுக்கு முன்னால
கண்ணு மூடித் தொறக்கற நேரம்
ஒரு கூச்சம் வருது பாருங்,
அழுததுக்கு.

நாலுல அவ மறுக்காச் செத்தா.
ஒருத்தரும் தலைக்கு ஊத்துல.

அஞ்சுல காலத்தையே திருப்பி
நடந்ததெல்லாம் நடக்கவே இல்லைன்னுட்டாங்க.
அப்ப நான் தாராபுரத்துக்கு பஸ் ஏறினது?

ஆறாவது புரியோணும்னா
டிவியில வந்த தொடரு ரெண்டையும் பாத்திருக்கோணுமாம்.
செக்கிங் ரங்கநாயகி சொன்னா:
“இது படமில்லீங்ண்ணா, மொய் வூடு.
காது குத்துன புள்ளைக்கே மறுபடி காது குத்தி
நோட்டுப் போட்டு உக்காந்துட்டாங்க.”

ஏழுக்குப் பதினோரு கலருங்.
பளபளன்னு ஃபாயில், பொங்கற பஃப்,
இருட்டுல மின்னறதுக்கு ஒரு பவுடர்.
காஞ்சதும் பனியன் தட்டியாட்டம் தானா நின்னுச்சு.
போட்டுப் பாத்தேன்,
நெஞ்சுல காத்துப் புகுல.
கையைத் தேடினேன்.
எந்தக் கலருக்கு அடியில போச்சோ.

காதர்பேட்டையில கிலோ கணக்குல தள்ளுனாங்க.
தள்ளாததைக் கிழிச்சு வேஸ்ட் துணியாக்கியாச்சு.
நேத்து பிகாஷ் ஃபிரேம் தொடைச்சுட்டு இருந்தான்,
துணியில ஓர்லா மூஞ்சி.
“டேய், மனசு வருதாடா உனக்கு”ன்னேன்.
விரிச்சுப் பாத்துட்டு
“யாருங்ண்ணா இது”ன்னான்.
இப்பத் தமிழ் நல்லாவே பேசறான்.

எட்டுக்கு நீங்க கொண்டாந்த ஆர்ட்வொர்க் பாத்தனுங்.
மறுக்கா அந்தக் கை. ஒரே கலர்.
ஆனா பழசாட்டத் தெரியோணும்,
வெரலெல்லாம் விரிசல் உட்டிருக்கோணும்னு
ஷீட்டுல எழுதியிருக்குதுங்.

இந்தா, நான் போட்டிருக்கறதைப் பாருங்.
சுண்டு வெரலு பேந்து போக
பதினாலு வருசம் ஆச்சு.
கட்டை வெரலுக் கீறல்
என்ற பையன் சைக்கிள்ல இருந்து உழுந்தப்ப
தூக்கிட்டு ஓடுன அன்னைக்கு.
மத்தது எப்ப உட்டுதுன்னு எனக்கே தெரியாது.

உங்க ஷீட்டுல கடைசி வரி:
எல்லாப் பீஸ்லயும் விரிசல்
ஒரே எடத்துல வரோணும்.

வருங் சார்.
அதுக்கொரு ஃபிரேம் போட்டா வந்துரும்.
பத்தாயிரம் பீஸுதானே,
வெள்ளிக்கெழமை பொழுதோட
வண்டி அனுப்புங்.